மரத்தில் ஒரு பாய்க்கப்பல்: எச்எம்எஸ் ட்ரிங்கோமலி மாடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாய்க்கப்பல் நிற்கிறது. 1817இல் பம்பாயில் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்எம்எஸ் ட்ரிங்கோமலியின் மாடல், 1:64 அளவில், அதாவது நிஜத்தில் 64இல் ஒரு பங்கு. செய்து முடிக்க எனக்கு நாலரை வருஷம் ஆனது. வீட்டுக்கு வருகிறவர்களும், தாங்களும் ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனையோ பிரபலமான கப்பல்கள் இருக்க, ஏன் இந்தக் கப்பல்?

பெயரைப் பார்த்துத்தான் முதலில் நின்றேன். ட்ரிங்கோமலி என்றால் நம் திருகோணமலை. 1782 செப்டம்பரில் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுக்கும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுக்கும் நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர் அது.

பெயரைத் தாண்டி உள்ளே போனால் கதை இன்னும் பெரிது. நெப்போலியன் காலத்துப் போர்களுக்காகக் கப்பல் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. அதனால் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்கள் சிலவற்றைப் பம்பாயில் தேக்கில் கட்டச் சொன்னது. அங்கே கட்டியவர்கள் வாடியா என்ற பார்சி குடும்பத்தார். 1736இல் சூரத்திலிருந்து வந்த லௌஜி நுசர்வான்ஜியிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியவர்கள். ட்ரிங்கோமலியைக் கட்டிய தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1842இல் பிரிட்டனும் சீனாவும் செய்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான எச்எம்எஸ் கார்ன்வாலிஸும் அவர் கட்டியதுதான்.

வரைபடம் வந்த கதையும் உண்டு. ட்ரிங்கோமலிக்கான வரைபடத்தை எச்எம்எஸ் ஜாவா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் யூஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன் அந்த ஜாவாவைத் தோற்கடித்தது. ஜாவாவோடு வரைபடமும் போயிற்று. மறுபடி ஒன்று வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று. அன்று வரைபடத்தை அழித்த கான்ஸ்டிட்யூஷன் பாஸ்டனில் இன்றும் மிதக்கிறது. அந்த வரைபடத்தால் பிறக்கவிருந்த ட்ரிங்கோமலி இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது. இதைப் படித்த அன்று இரவே முடிவு செய்துவிட்டேன், செய்தால் இந்தக் கப்பல்தான் என்று.

முதல் மாடலாகவே இதைச் செய்யலாமா?

வேண்டாம். மூன்று பாய்மரம், 28 பெரிய பீரங்கிகள், அதற்கு மேல் சிறியவை, நூற்றுக்கணக்கான கயிறுகள். முதல் முறை செய்கிறவர் பாதியில் நிறுத்திவிடுவார். அந்த வருத்தம் அவரை மறுபடி மரத்தையே தொட விடாது.

முதலில் கப்பலோடு வரும் படகு ஒன்றைச் செய்யுங்கள். பெரிய அளவில், 1:24 மாதிரி. பலகையை வளைப்பது, கூர்மையாக்குவது, ஒட்டுவது எல்லாம் அதிலேயே கைக்கு வந்துவிடும். அப்புறம் ஒற்றைப் பாய்மரக் கட்டர். கயிறு கட்டும் வேலையின் அரிச்சுவடி முழுக்க அதில் இருக்கிறது. மூன்றாவதாக ட்ரிங்கோமலி போன்ற மூன்று பாய்மரப் போர்க்கப்பலான ஃபிரிகேட்டுக்கு வந்தால் கை தயாராக இருக்கும்.

கிட் வாங்குவதா, முதலிலிருந்து நாமே செய்வதா?

முதல் இரண்டுக்கும் கிட், அதாவது பாகங்கள் எல்லாம் சேர்ந்து வரும் பெட்டி, வாங்குங்கள். நல்ல கிட்டில் வங்குகள் (கப்பலின் விலா எலும்புகள்) லேசரில் சரியாக வெட்டி வரும், புத்தகமும் இருக்கும். ஆனால் எந்தக் கிட்டாக இருந்தாலும் அதில் உள்ளதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கயிறு பெரும்பாலும் தேவைக்கு மேல் தடிமனாக இருக்கும், கப்பிகள் பெரிதாக இருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதி படிப்பு முடிந்தது.

ட்ரிங்கோமலியை நான் வரைபடத்திலிருந்து நேரடியாகச் செய்தேன்.

நீங்கள் சொல்லும் வார்த்தைகள் பல புரியவில்லையே?

ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்குத் தூத்துக்குடித் தோணிப் பட்டறையில்தான் தமிழ்ச் சொற்கள் கிடைத்தன. கப்பலின் முதுகெலும்பான அடிமரம் ஏரா. அதிலிருந்து விலா எலும்பு போல எழுவது வங்கு. முன்பக்கம் அணியம். திருப்புவது சுக்கான். பாய்மரத்துக்குக் குறுக்கே பாயைத் தாங்குகிற கட்டை பருமல். பாயையோ பருமலையோ மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிப்பது தாமான். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைப்பது கலப்பற்று. இதையெல்லாம் செய்கிற தச்சர் ஓடாவி.

சொல் தெரிந்ததும் பொருளின் வேலையும் விளங்கிவிடுகிறது. ஆஞ்சான் என்று தெரிந்த கயிற்றை யாரும் தாமான் கட்டும் இடத்தில் கட்ட மாட்டார்.

வரைபடம் எங்கே கிடைக்கும்?

லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. பிரதி விலைக்குக் கிடைக்கும். ட்ரிங்கோமலி லீடா வகுப்பைச் சேர்ந்தது. வகுப்பு என்றால் ஒரே வடிவத்தில் கட்டிய கப்பல்களின் குடும்பம். அந்த வகுப்பின் வடிவம் 1782இல் ஆங்கிலேயர் பிடித்த ஏபே என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து வரைந்தது. 1813இல் அமெரிக்காவின் செசபீக் கப்பலை வென்ற எச்எம்எஸ் ஷானனும் இதே வகுப்புதான். அதனால் லீடா வகுப்பு என்று தேடினாலும் நிறைய கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அந்த வரைபடங்கள் 1:48இல் வரைந்தவை. பிரதி எடுக்கும்போது தாள் இம்மியளவு நீளும், சுருங்கும். நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் ஒரு மாதிரியும் மாறும். வரைபடத்தில் உள்ள அளவுகோலை இரண்டு திசையிலும் அளந்து பார்க்காமல் மரத்தில் ஒட்டாதீர்கள்.

இரண்டாவது, வரைபடத்தின் கோடுகள் வங்கின் வெளி விளிம்பைக் காட்டுபவை, பலகையின் வெளிப்பக்கத்தை அல்ல. அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு என்று இரண்டு அடுக்குப் பலகை போடப் போகிறீர்கள் என்றால் அடி அடுக்கின் கனத்தை வங்கிலிருந்து கழித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் கப்பல் பருத்துவிடும்.

ஸ்காட்லாந்தின் டண்டியில் எச்எம்எஸ் யூனிகார்ன் இருக்கிறது. 1824இல் கட்டியது, இதுவும் லீடா வகையின் மாற்று வடிவம்தான். அதன் படங்களைப் பார்த்து உள்பகுதியைப் படிக்கலாம். ஆனால் அதன் பின்பக்கம் புதிய முறையில் வட்டமாகக் கட்டியது. அதை அப்படியே ட்ரிங்கோமலிக்குப் போட்டுவிடக் கூடாது.

எந்த அளவு வசதி?

நிஜக் கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம், அகலம் சுமார் 40 அடி. 1:48இல் உடல் மட்டும் 95 செ.மீ. வரும். 1:64இல் 71 செ.மீ., 1:96இல் 48 செ.மீ. பெட்டி செய்யும்போது உடலின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். அணியத்திலிருந்து நீளும் சாய்மரம் நீளத்தைக் கூட்டும். பெரிய பருமல் உடலின் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அலமாரியில் வைக்கலாம் என்று நினைத்துத் தொடங்கி, முடித்த பிறகு கதவு மூடாமல் தவித்தவர்கள் உண்டு.

அளவு மனசில் நிற்க ஒரு வழி சொல்கிறேன். அட்டையில் ஒரு ஆள் வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்தரை அடி மனிதன் 1:64இல் 2.6 செ.மீ. உயரம். ஏணி, கதவு, கைப்பிடிச் சுவர், சுக்கான் சக்கரம் என்று எதைச் செய்தாலும் பக்கத்தில் இவரை நிறுத்திப் பாருங்கள். ஏணிப்படி அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தால் தப்பு எங்கே என்று கேட்கவே வேண்டாம். என் மேசையில் அந்த அட்டை ஆள் இன்னும் நிற்கிறார். தலை கொஞ்சம் மடங்கிவிட்டது.

தேக்கில் கட்டிய கப்பலைத் தேக்கிலேயே செய்தால் என்ன?

எல்லோரும் கேட்கிற கேள்வி, நானும் ஆசைப்பட்டுச் செய்து பார்த்த விஷயம். நிஜக் கப்பலுக்குத் தேக்கு அருமை. அதன் எண்ணெய் இரும்பு ஆணியைக் காப்பாற்றும், ஓக் மரத்தின் அமிலமோ ஆணியை அரிக்கும். ஆனால் மாடலில் தேக்கு ஒத்துவராது. தேக்கின் ரேகை முரடு. கண்ணுக்குத் தெரிகிற ஒரு துளை அரை மி.மீ. இருந்தால் 1:64இல் அது 3 செ.மீ. ஓட்டை. பலகை முழுக்கக் கட்டைவிரல் நுழையும் ஓட்டைகள் உள்ள கப்பலை யார் கடலில் இறக்குவார்கள்?

சின்ன உருவுக்கு நுண்ணிய ரேகை உள்ள மரம் வேண்டும். வெளிநாட்டில் பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் பயன்படுத்துவார்கள். நம் ஊரில் மஞ்சக்கடம்பு இருக்கிறது. இளமஞ்சள் நிறம், சீரான ரேகை, கத்திக்கு நன்றாக வழிவிடும். வெளிப் பலகைக்கு அதைத்தான் போட்டேன். தளத்துக்கு வெட்பாலை. சென்னபட்டணத்துப் பொம்மை செய்யும் அதே மரம், தந்தம் போல வெளுப்பு. கடைசல் வேலைக்கும் அதைவிட நல்லது கிடையாது. உடலின் பக்கத்தில் கறுப்பாக ஓடும் தடித்த பட்டைக்கு அசல் கருங்காலி கொஞ்சம் கிடைத்தது. கிடைக்காவிட்டால் மஞ்சக்கடம்பைக் கறுப்புச் சாயத்தில் ஊற வையுங்கள், போதும். கருங்காலியைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது.

என்னென்ன கருவி வேண்டும்?

கூர்மையான கத்தி, மெல்லிய பல் ரம்பம், உள்ளங்கை அளவு இழைப்புளி, கையால் சுற்றும் சின்னத் துளைப்பான், அரை மி.மீ.யிலிருந்து துளைப்பு ஊசிகள், உப்புத்தாள், துணிக்கிளிப்புகள். இதில் பாதி நகை வேலை செய்பவர்களுக்கான கருவி விற்கும் கடையில் கிடைக்கும்.

அந்தக் கடையில் தவறாமல் வாங்க வேண்டியது கம்பி இழுக்கும் அச்சு. இரும்புத் தகட்டில் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள். தட்டார் அதில் தங்கக் கம்பி இழுப்பார், நான் மூங்கில் இழுக்கிறேன். மூங்கில் குச்சியை நாராகப் பிளந்து, ஒவ்வொரு துளையாக இழுத்து 0.6 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் அதுதான் பலகையைப் பிணைக்கும் மர ஆணி. மாலை நேரத்தில் உட்கார்ந்து ஐம்பது இழுத்து வைப்பேன். விரல் நுனி சிவந்துவிடும், ஆனால் அந்த வேலையில் ஒரு அமைதி உண்டு.

எலும்புக்கூடு செய்யும்போது எதில் கவனம் வேண்டும்?

நேராக இருக்கிறதா என்பதில். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நான் செய்த முதல் உடல் ஐப்பசி மழையில் முறுக்கிக்கொண்டது. நடுப் பலகைக்கு வாங்கிய பிளைவுட் உள்ளூர்க் கடையில் நனைந்து காய்ந்த சரக்கு. வெட்டும்போது நேராகத்தான் இருந்தது. வங்குகளை மாட்டி இரண்டு வாரம் கழித்து அணியத்தின் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். முன் வங்கு வலப்பக்கமும் பின் வங்கு இடப்பக்கமும் சாய்ந்திருந்தன. மூன்று மாத வேலை. பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை பிளைவுட்டை ஒரு மாதம் அறையிலேயே நிறுத்தி வைத்துப் பழக்கினேன். வங்குகளுக்கு இடையில் கட்டைகளை இறுக்கமாக அடைத்தேன். சமமான பலகையில் இரண்டு கோணச் சட்டங்களுக்கு நடுவே ஏராவைப் பிடித்து வைத்தேன்.

அப்புறம் வங்குகளின் விளிம்பைச் சரிவாக்கும் வேலை. அணியத்துக்கும் பின்பக்கத்துக்கும் போகப் போகப் பலகை வளைந்து செல்வதால் ஒவ்வொரு வங்கின் விளிம்பும் ஒரு கோணத்தில் சரிய வேண்டும். மெல்லிய நீளமான மரப் பட்டையை வங்குகளின் மேல் வளைத்துப் பிடித்துப் பாருங்கள். எல்லா வங்கையும் முழு அகலத்துக்கும் தொட வேண்டும். ஒன்றில் மேடு தெரிந்தால் தேய்க்க வேண்டும். பள்ளம் தெரிந்தால் ஒரு சீவல் ஒட்டிவிட்டுத் தேய்க்க வேண்டும்.

இதைப் பட்டறையில் ஒரு வயதான ஓடாவியிடம்தான் பார்த்துக் கற்றேன். அவர் அளவுகோலைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அணியத்திலிருந்து பின்னோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கை நின்றது. அதே இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே நகர்ந்தார். கோடு போட்ட இடத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தொட்ட பிறகுதான் மேடு தெரிந்தது. அன்றிலிருந்து நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் தடவிப் பார்க்கிறேன்.

பலகை போடும்போது அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறதே?

எல்லாப் பலகையும் ஒரே அகலத்தில் இருப்பதால்தான். கப்பலின் நடுப்பகுதி பெருத்திருக்கிறது, அணியம் சிறுத்திருக்கிறது. ஒரே அகலப் பலகைகளை அப்படியே கொண்டுபோனால் முன்னால் இடம் போதாது.

நடு வங்கில் பலகை போட வேண்டிய பரப்பை ஒரு தாள் நாடாவால் அளந்து பாருங்கள். 160 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பலகை அகலம் 4 மி.மீ. என்றால் 40 பலகைகள். அணியத்தில் அதே பரப்பு 100 மி.மீ.தான் இருக்கும். 40 பலகைகளும் அங்கே வந்து சேர வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 2.5 மி.மீ.க்குக் குறுக வேண்டும். ஒவ்வொரு வங்கிலும் இப்படி அளந்து குறித்துக்கொண்டு அதற்கேற்ப இழைத்தால் பலகைகள் தானாக வழிந்து உட்காரும். பாதி அகலத்துக்கும் கீழே குறுக்காதீர்கள். அந்த நிலை வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக்க வேண்டும். பின்பக்கம் கீழ்ப்பகுதியில் இதற்கு நேர் எதிர், இடம் மிஞ்சும். அங்கே இடையில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு சேர்க்க வேண்டும்.

நீளமும் முக்கியம். அந்தக் காலத்தில் 24 அடிப் பலகையே நல்ல நீளம். 1:64இல் அது 11 செ.மீ. சொச்சம். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே பலகை ஓடினால் அது கப்பலே இல்லை. வெட்டிச் சேருங்கள், அடுத்தடுத்த வரிசையில் இணைப்புகள் ஒரே வங்கில் வராமல் தள்ளி வையுங்கள்.

வளைக்க, கால் மணி நேரம் வெந்நீரில் ஊற வைத்து, சூடான சோல்டரிங் அயர்ன் மேல் மெதுவாக இழுத்தால் போதும். காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும், ஈரமாக ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும். பசைக்கு வெள்ளை ஃபெவிகால். ஃபெவிக்விக்கை அவசரத்துக்கு மட்டும் எடுங்கள், அதன் புகை பட்ட இடம் வெளுத்துவிடும்.

தளத்துப் பலகைகளுக்கு இடையே கலப்பற்றுக் கோடு தெரிய வேண்டும். கறுப்பு நூலெல்லாம் வேண்டாம், பலகையின் ஒரு விளிம்பில் மென்மையான பென்சிலால் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். அந்த அளவுக் கோடுதான் இந்த உருவுக்குப் பொருத்தம்.

அடியில் செப்புத் தகடு ஏன்? எப்படி ஒட்டுவது?

மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவும் பாசியும் ஒட்டாமல் இருக்க. தகடு ஒன்று 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:64இல் 19 மி.மீ. நீளம், ஐந்தரை மி.மீ. அகலம். பசையோடு வரும் செப்பு நாடா கிடைக்கிறது, அதை வெட்டிக்கொள்ளலாம். ஓடு வேய்வது போல நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஏராவிலிருந்து மேலேயும், பின்பக்கத்திலிருந்து அணியத்தை நோக்கியும் போக வேண்டும். அப்போதுதான் முன் தகடு பின் தகட்டின் மேல் படியும், ஓடுகிற தண்ணீர் விளிம்பைக் கிளப்பாது.

ஆணித்தலைகளைப் புடைப்பாகக் காட்டப் பலர் தனியாக அச்சு செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நிஜக் கப்பலில் ஆணித்தலை தகட்டோடு சமமாக அடங்கியிருக்கும், 64இல் ஒரு பங்காக்கினால் கண்ணுக்கே தெரியாது. புடைப்பு போட்டால் கப்பலுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. மெழுகு, வார்னிஷ் எதுவும் பூசாமல் விட்டேன். ஒரு வருஷத்தில் பளபளப்பு போய் நல்ல பழுப்பு நிறம் வந்தது.

எந்த வருஷத்துக் கப்பலாகச் செய்வது?

தொடங்கும்போதே தீர்மானித்துவிடுங்கள். ட்ரிங்கோமலி 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் நீரில் இறங்கியது. 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. போகும் வழியில் செயின்ட் ஹெலினாவில் நின்றபோது, அங்கே சிறையிருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோகோ என்ற மருத்துவரை ஏற்றிக்கொண்டது. போன கையோடு கூரை போட்டு மூடி, 1845 வரை சும்மா நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்புறம் எடுத்து, பீரங்கிகளை 26ஆகக் குறைத்து, பின்பக்கத்தையும் மாற்றி, மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பசிபிக்குக்கும் அனுப்பினார்கள். 1897இல் கைமாறி, ஃபூட்ராயண்ட் என்று பெயர் மாறி, 1986 வரை பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கப்பலாக இருந்தது. பழைய பெயர் திரும்பக் கிடைத்தது 1992இல்தான்.

1817இன் உடலில் 1845இன் பின்பக்கம் சேர்ந்தால் எந்த வருஷத்துக்கும் சொந்தமில்லாத கப்பல் ஆகிவிடும். நான் 1817ஐ எடுத்தேன், பம்பாய்த் தச்சர்கள் கட்டி முடித்து நீரில் இறக்கிய அந்த நிலை. நிறம், கறுப்பு உடலில் பீரங்கி வாசல் வரிசை நெடுக மஞ்சள் பட்டை. மஞ்சளுக்குப் பதில் வெள்ளை வந்தது பிற்பாடு. அணியத்தில் தலைப்பாகை கட்டிய மனிதர் உருவம். அதை நான் மூன்று முறை செதுக்கினேன். தலைப்பாகை எளிது, முகம்தான் வரவில்லை.

பீரங்கிகளை எப்படிச் செய்தீர்கள்?

முக்கிய தளத்தில் 18 பவுண்டு குண்டு போடும் பீரங்கிகள் 28. ஒவ்வொன்றும் மாடலில் சுமார் 4 செ.மீ. ஒரு லேத் பட்டறையில் வரைபடம் கொடுத்துப் பித்தளையில் கடையச் சொன்னேன், கறுப்பு ரசாயனம் தேய்த்துக் கறுக்க வைத்தேன். வண்டிகளை மஞ்சக்கடம்பில் நானே செய்தேன்.

கயிறு வேலைதான் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பயத்துக்குக் காரணம், அதை ஒரு சிக்கலாகப் பார்ப்பது. ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலையை முதலில் தெரிந்துகொண்டால் கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கயிறு. எதைப் பிடிக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது, எந்த முளையில் கட்டுகிறார்கள். புத்தகம் நிறைந்த பிறகுதான் நூலைத் தொட்டேன்.

இரண்டு வகை. பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிற்பவை ஒன்று, இவற்றுக்குத் தார் பூசியிருப்பார்கள், கரும்பழுப்பு நிறம். பாயையும் பருமலையும் இழுக்கப் பயன்படுபவை இன்னொன்று, இவை வெளிர் நிறம். நிற்பவற்றை முடித்துவிட்டுத்தான் இழுபடுபவற்றுக்கு வர வேண்டும். பக்கவாட்டில் பாய்மரத்தைத் தாங்கும் தடித்த கயிறுகளை வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், முதல் ஜோடி வலப்பக்கம் முன்னால். கப்பலிலும் அப்படித்தான் போட்டார்கள். ஒரே பக்கம் போட்டுக்கொண்டே போனால் பாய்மரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

தடிமனில் பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய பட்டியல்களில் 8 அங்குலக் கயிறு என்று இருந்தால் அது சுற்றளவு, குறுக்களவு அல்ல. 8ஐ 3.14ஆல் வகுத்தால் சுமார் இரண்டரை அங்குலம். அதை 64ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1 மி.மீ. சுற்றளவைக் குறுக்களவு என்று எடுத்துக்கொண்டால் 3 மி.மீ. கயிறு வந்து, கப்பல் தாம்புக்கயிற்றில் கட்டிய மாடு மாதிரி நிற்கும்.

கடையில் கிடைக்கும் நூலில் பஞ்சு பறக்கும், முறுக்கும் சரியாக இருக்காது. சின்ன மோட்டார் வைத்து மூன்று இழைகளை முறுக்கி நானே கயிறு திரித்தேன். சாதாரணக் கயிற்றுக்கு வலப்பக்க முறுக்கு. நங்கூரக் கயிறு மட்டும் மூன்று கயிறுகளை மறுபடி சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கியது. அந்த ஒன்பது இழைக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, இரண்டு விரலுக்கு நடுவில் நிஜமான ஒரு நங்கூரக் கயிறே சின்னதாகிக் கிடப்பது போல இருந்தது.

மாலுமிகள் ஏறும் கயிற்று ஏணிக்கு அவசரம் கூடாது. படிகளுக்கு இடையே ஐந்தரை மி.மீ. கோடு போட்ட காகிதத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறுக்கிலும் முடிச்சு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். களைத்த கை முடிச்சை இறுக்கிவிடும், நிற்கிற கயிறுகள் உள்பக்கம் இழுபட்டு ஏணி இடுப்பொடிந்த மாதிரி ஆகிவிடும்.

பாய் விரித்து வைக்கவில்லையே, ஏன்?

துணி ஒத்துவரவில்லை. மிக மெல்லிய மல் துணியே கால் மி.மீ. கனம் இருந்தால், அது 1:64இல் ஒன்றரை செ.மீ. கனமான பாய். மெத்தை மாதிரி. பாய் வேண்டும் என்றால் உறுதியான மெல்லிய தாளில் செய்து, பருமலில் சுருட்டிக் கட்டியபடி காட்டலாம். நான் பாயில்லாமல் விட்டேன். கயிறுகள் முழுசாகத் தெரிகின்றன.

கண்ணாடிப் பெட்டி கட்டாயமா?

கட்டாயம். கயிற்றில் படிந்த தூசியை எந்தத் தூரிகையாலும் முழுக்க எடுக்க முடியாது. ஆனால் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிடாதீர்கள், அடியில் வலை வைத்த சில துளைகள் விடுங்கள். மரமும் பசையும் மெல்ல மெல்ல அமில ஆவியை விடும். மூடிய பெட்டியில் அது தேங்கினால் ஈயத்தில் வார்த்த நங்கூரம், பீரங்கி எல்லாம் வெள்ளைத் தூளாக உதிர்ந்துவிடும். பழைய மாடல்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இது. ஈயமே வேண்டாம், பித்தளை போதும். நேர் வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம்.

வெளியே தெரியாத இடத்திலும் இவ்வளவு நுணுக்கமாகச் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. பீரங்கித் தளத்தின் பெரும்பகுதி மேல்தளத்துக்குக் கீழே மறைந்துபோகும், நடுவே திறந்த இடத்தில் மட்டும்தான் தெரியும். மறையும் பீரங்கிகளுக்கு வண்டி மட்டும் செய்து கயிறு கட்டாமல் விட்டால் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் நான் விடவில்லை. 1816இல் ட்ரிங்கோமலிக்கு ஏரா போட்டபோது, பார்சி வழக்கப்படி எழுத்துப் பொறித்த ஒரு வெள்ளி ஆணியை ஜம்ஷெட்ஜி பொமன்ஜி தன் கையால் அடித்தார். கப்பல் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. என் பெண்ணின் சின்ன வயசுக் கொலுசு ஒன்று கொக்கி அறுந்து பீரோவில் கிடந்தது. அதிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி நேராக்கி, கம்பி இழுக்கும் அச்சில் இழுத்து, ஏராவில் துளையிட்டு அடித்தேன். அதன் மேல் பலகை வந்தது, அதற்கும் மேல் செப்புத் தகடு வந்தது. இப்போது யாருக்கும் தெரியாது. பின்பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வங்கின் அடியில் இருக்கிறது.